கயிற்றில் ஏறிய சாப்பாடு

அவையின் தலைமகனாக வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, ஆண்டுக்கொரு முறை என் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டு ஆண்டு முழுவதும் அதை எண்ணி வருந்தும் செயலாளர் அவர்களே, நரை கண்டும் நடை தளராத பெரியோர்களே, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அருமைத் தாய்மார்களே, மாடிப்படி ஏறி மூச்சு வாங்கும் மாவீரர்களே, லிஃப்டில் ஏறி வந்தும் அதைவிட அதிகமாக மூச்சு வாங்கும் என் இனத்தவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் உள்ளம் நிறைந்த, உடம்பும் கொஞ்சம் நிறைந்த வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய உணவியல் அம்மையார் கலோரி என்றால் என்னவென்று வெள்ளைத் திரையில் படம் போட்டு விளக்கினார்கள். அழகான கணக்கு. அளவான பேச்சு. நானும் கன்னத்தில் கைவைத்துக் கேட்டேன். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். அடுத்தவர்கள் ஓராண்டில் ஓடிக் கடந்த அந்த வகுப்பை நான் ஆற அமர, ஆழ அகல, பல ஆண்டுகள் பயின்றேன். ஆகவே கணக்கு என்றால் எனக்குத் தனி மரியாதை. பக்கத்தில் போகமாட்டேன், தூரத்தில் நின்று கும்பிடுவேன்.

ஆனால் அம்மையார் கடைசியாக ஒரு வார்த்தை சொன்னார்களே, யாராவது கவனித்தீர்களா? “எண்ணிப் பார்க்க முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம், அவர்களுக்கும் வழி உண்டு” என்றார்கள். அதற்குள் விளக்கைப் போட்டுவிட்டார்கள், நாம் கை தட்டிவிட்டோம். அந்த வார்த்தையை நான் எடுத்துக்கொள்கிறேன். அந்த ஒரு வார்த்தையை எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் உரிய காலத்தில் சொல்லியிருந்தால், இன்று இந்த மேடையிலிருந்து நான் சிரித்துக்கொண்டே இறங்கியிருப்பேன்.

என் அக்காள் கணவரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அத்தான் என்று சொன்னால் போதும். எங்கள் வட்டாரத்தில் வேறு அத்தான் கிடையாது.

அவர் தொழில் என்ன? கட்டடம் கட்டும் இடங்களில் வானத்தைத் தொட்டு நிற்குமே டவர் கிரேன், அதன் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்குமே, அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்து அதை ஓட்டுகிறவர். நாம் எல்லாரும் மேகத்தை அண்ணாந்து பார்ப்போம். அவர் மேகத்தைப் பக்கத்து வீட்டுக்காரரைப் போலப் பார்த்தவர். ஒரு டன் இரும்பைத் தூக்கி வந்து, கீழே கோழி முட்டையை வைத்தால் ஓடு விரிசல் விடாமல் அதன் மேல் இறக்குவார். நான் கண்ணால் கண்டேன். என்ன தம்பி, நம்பவில்லையா? சரி, கண்டவர் சொல்லக் கேட்டேன். கண்டவர் பொய் சொல்லாத மனிதர்.

அப்படிப்பட்ட அத்தானுக்குப் பணி ஓய்வு நெருங்கும் வேளையில் ஒரு பெரிய கட்டடம் கிடைத்தது. அவர் வாழ்நாளில் ஓட்டிய கிரேன்களிலேயே உயரமான கிரேன். முதல் தூணை அவர்தான் இறக்கினார். அன்றிலிருந்து அவருக்கு ஒரே ஆசை. இந்தக் கட்டடத்தின் உச்சியில் வைக்கப் போகும் கடைசி இரும்பு உத்தரத்தையும் தன் கையால் இறக்கிவிட்டு, கூண்டுக் கதவைச் சாத்திவிட்டு, வீட்டுக்கு வந்துவிட வேண்டும். பதவி கேட்கவில்லை, பாராட்டு கேட்கவில்லை, பட்டயம் கேட்கவில்லை. ஓர் உத்தரம் கேட்டார்.

அதற்குக் குறுக்கே வந்து நின்றது எது? எதிரியா? இல்லை. நோயா? இல்லை. தொப்பை. அதுவும் பெரிய தொப்பை இல்லை ஐயா. கொஞ்சம்.

கிரேனில் ஏறுகிறவர் இடுப்பிலும் தோளிலும் ஒரு பாதுகாப்புப் பட்டை மாட்டிக்கொண்டுதான் ஏணியில் கால் வைக்க வேண்டும். கால் தவறினால் அந்தப் பட்டைதான் ஆளைத் தாங்கும். அது இவ்வளவு எடைதான் தாங்கும் என்று அதிலேயே அச்சடித்திருக்கிறார்கள். உடல் பரிசோதனையில் அதற்கு மேல் போனால், அதன் பிறகு ஏற விடமாட்டார்கள். அத்தான் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தார். கட்டடத்துப் பொறியாளர் அம்மா நல்ல பெண். அத்தானைக் கூப்பிட்டு, அடுத்த உடல் பரிசோதனைக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் கொஞ்சம் குறைத்துவிடுங்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னார்.

கொஞ்சம் என்றுதான் சொன்னார். அந்தச் சொல்லை நாங்கள் கையாண்ட விதம் இருக்கிறதே, அதைக் கேளுங்கள்.

வீட்டில் உடனே மாநாடு கூடியது. அத்தானின் மகள் பெரிய அலுவலகத்தில் வேலை செய்கிறாள். என் மருமகள் முறை. அறிவு எங்கள் பக்கத்து ரத்தம். அவள் அப்பாவின் போனில் கலோரி எண்ணும் செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். எதைச் சாப்பிட்டாலும் அதில் பதிய வேண்டும். அன்று தொடங்கியது அந்த வீட்டில் ஆரவாரம். சோறு ஆறியது, சூப் ஆறியது, பேச்சு மட்டும் சூடாக இருந்தது. உருளைக்கிழங்கு சின்னதா நடுத்தரமா? எண்ணெய் ஒரு கரண்டியா ஒன்றரையா? வெங்காயத்தைக் கணக்கில் சேர்ப்பதா விடுவதா? என் அக்கா கரண்டியைக் கையில் பிடித்தபடி, இந்த வீட்டில் சாப்பிடுவதற்கு முன்னால் பரீட்சை எழுத வேண்டுமா என்று கேட்டாள்.

அத்தான் படாத பாடு பட்டார். அவருக்குக் கணக்கு வராது என்று நினைத்துவிடாதீர்கள். எடைதான் அவர் தொழில். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, கிரேனின் கை எவ்வளவு நீண்டிருக்கிறது, அந்த நீளத்தில் எத்தனை டன் தூக்கலாம், எல்லாம் அவருக்கு அத்துப்படி. அதுதான் அங்கே வம்பு. ஒரு நாள் நானும் பக்கத்தில் இருந்தேன். மகள் சொன்னாள், “அப்பா, சரியா தெரியலைன்னா தோராயமா போடுங்க.”

அத்தான் போனைக் கீழே வைத்தார். “எங்க வேலையில தோராயமா போட்டா கீழ நிக்கிறவன் செத்துருவான்மா” என்றார்.

பார்த்தீர்களா? அடுத்தவர் உயிரைக் காப்பாற்றிய அதே ஒழுங்கு, ஓர் உருளைக்கிழங்கின் முன்னால் அவரை உட்கார வைத்துவிட்டது. தெரியாத எண்ணை எழுத அவருக்குக் கை வரவில்லை. தெரிந்த எண் கிடைக்கும்வரை சாப்பிடவும் மனம் வரவில்லை. பாதித் தட்டோடு எழுந்து போவார். முகம் வாடும். மறுநாள் அரைவயிற்றோடு கிரேன் ஏறுவார்.

சரி, அவ்வளவு பட்டினி கிடந்தாரே, எடை இறங்கியதா? இறங்கவில்லை. போன் மட்டும் தினமும் மிகச் சிறப்பு, மிகச் சிறப்பு என்று பாராட்டியது. எடைக் கருவி இருந்த இடத்திலேயே நின்றது. அக்கா கருவி கெட்டுவிட்டது என்று புதிது வாங்கினாள். அதுவும் அதையே சொன்னது. நான் சும்மா இருப்பேனா? தரை சாய்வாக இருக்கிறது என்று கண்டுபிடித்தேன். கருவியைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போய் வைத்துப் பார்த்ததில், சமையலறை மூலையில் ஒரு நூலளவு குறைவாகக் காட்டியது. விஞ்ஞானிகள் கூட என்னைப் பாராட்டியிருப்பார்கள், அவர்களுக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து அத்தான் சமையலறையில் எடை பார்த்தார். சிரிக்கிறீர்கள். நாங்களும் அன்று சிரித்தோம். நாட்கள் போய்க்கொண்டிருந்தன, கட்டடம் மாடி மேல் மாடியாக ஏறிக்கொண்டிருந்தது, நாங்கள் அறை அறையாகத் தராசு தூக்கிக்கொண்டிருந்தோம்.

குற்றம் எங்கே இருந்தது தெரியுமா? கயிற்றில் இருந்தது.

கிரேன் ஓட்டுகிறவர் சாப்பாட்டு வேளைக்குக் கீழே இறங்க மாட்டார். அந்த ஏணியில் இறங்கி, சாப்பிட்டு, மறுபடி ஏறினால் பொழுது போய்விடும். ஆகவே மேலிருந்து ஒரு கயிறு விடுவார். கீழே இருப்பவர்கள் ஒரு வாளியில் சாப்பாட்டை வைத்துக் கட்டுவார்கள். வாளி மேலே போகும். அங்கே ஒரு கண்டிப்பான விதி. மேலே போன எதுவும் வேலை முடியும்வரை கீழே வரக்கூடாது. கீழே ஆட்கள் நடமாடுவார்கள், கை தவறினால் விபரீதம். சின்னக் கூண்டு, வெயில் வேறு. மிச்சம் வைத்தால் கெட்டு நாறும். அப்படியானால் வந்ததை என்ன செய்வது? வாய் ஒன்றுதான் வழி.

வாளி எவ்வளவு பெரியது? பெயின்ட் வாளி. கீழே நிற்பவர்கள் எத்தனை பேர்? கம்பி கட்டுகிறவர், பலகை அடிக்கிறவர், சுமை கட்டுகிறவர், எல்லாருக்கும் மேலாக, அத்தானுக்குச் சைகை காட்டும் ‘விசில்’ என்று பட்டப்பெயர் பெற்ற பெரியவர். எல்லாருக்கும் அத்தான் மேல் உயிர். வாளி கிளம்பும்போது, அண்ணனுக்கு இது, அண்ணனுக்கு அது என்று ஆளுக்கொரு கை போடுவார்கள். ஒருவர் ரொட்டி, ஒருவர் அவித்த முட்டை, ஒருவர் வீட்டில் சுட்ட கேக், ஒருவர் வறுத்த கடலை. அத்தான் முகம் வாடியிருப்பதைப் பார்த்தார்களா? வீட்டில் அளந்து போடுகிறார்களாம் என்று கேள்விப்பட்டார்களா? அன்று முதல் ஆளுக்கு இரண்டு கை. வீட்டில் நாங்கள் பிடுங்கப் பிடுங்க, வேலையிடத்தில் அவர்கள் நிரப்ப நிரப்ப, நடுவில் அத்தான் வயிறு என்ன செய்யும், சொல்லுங்கள் தாய்மார்களே?

ஒரு நாள் அத்தான் வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டுப் போனார். அக்கா அதை எடுத்துக்கொண்டு கட்டட வாசலுக்குப் போனாள். நல்ல நண்பகல். வாளி கிளம்பப் போகும் நேரம். அக்கா எட்டிப் பார்த்தாள்.

“என்னண்ணே இது, யாருக்கு?” என்றாள்.

“அண்ணனுக்குத்தான்மா. மத்தியான சாப்பாடு” என்றார் விசில்.

“காலையில நான் குடுத்தனுப்பினது?”

விசில் வாளியைக் கொஞ்சம் சாய்த்துக் காட்டினார். “அது அடியில இருக்கு.”

அன்று மாலை அக்கா அத்தானிடம் கேட்டாள். சண்டை போடவில்லை, அவளுக்கு அழுகைதான் வந்தது. இதை ஏன் சொல்லவில்லை, போனில் ஏன் போடவில்லை என்றாள். அத்தான் மறைக்கிற மனிதரே இல்லை. கூண்டுக்குள் எதை மென்றாலும் அவர் கண் கொக்கியில் இருக்கும், கை நெம்புகோலில் இருக்கும். தட்டின் முன்னால் உட்கார்ந்து உண்டால்தானே அவருக்கு உணவு? திகைத்துப் போய் அவர் சொன்னார், “கயித்துல வந்துச்சு. லோடுன்னு நெனச்சிட்டேன்.”

அவர் வாழ்நாளெல்லாம் கயிற்றில் வந்தது எல்லாமே லோடுதான் ஐயா. இரும்பு வந்தது, செங்கல் வந்தது, சாப்பாடும் வந்தது. வந்ததை இறக்கி வைத்தார். உள்ளே இறக்கி வைத்தார்.

அதன் பிறகு அக்கா என்ன செய்தாள்? எண்ணினாளா? எடை போட்டாளா? இல்லை. போனை எடுத்து மகளிடம் கொடுத்துவிட்டாள். மறுநாள் கட்டடத்துக்குப் போய், வாளியைக் கழற்றிவிட்டு, மூடி போட்ட சின்ன டப்பா ஒன்றைக் கயிற்றில் கட்டச் சொன்னாள். ஒரு வேளைச் சாப்பாடு கொள்ளும். மூடினால் மூடினதுதான், மேலே ஒரு கடலைக்குக் கூட இடமில்லை. அன்பு வைத்திருப்பவர்கள் சர்க்கரை இல்லாத டீயாக வைத்திருங்கள், இறங்கி வந்ததும் குடிப்பார் என்று சொன்னாள். வீட்டில் பாத்திரங்களை மேசைக்குக் கொண்டுவருவதை நிறுத்தினாள். அடுக்களையிலேயே தட்டில் போட்டுக் கொண்டுவருவாள். இன்னும் வேண்டுமென்றால் அவர் எழுந்து போக வேண்டும். பாதி நாள் எழ மாட்டார். எழாத நாளில் அவருக்கே தெரிந்தது, அது பசி இல்லையென்று. பேருந்தில் வீட்டு வாசலில் இறங்கியவர் ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கினார். நானும் உடன் நடந்தேன். வேகமாக நடந்து அவரை முந்தினேன் என்று சொல்ல ஆசைதான். அத்தான் கேட்டால் சிரிப்பார்.

சாப்பாடு மறுபடி சாப்பாடாக ஆனது. மேசையில் சிரிப்பு வந்தது. தராசு முள் இறங்கத் தொடங்கியது. எல்லா அறையிலும் இறங்கியது.

ஆனால் என்ன பயன்? பரிசோதனை நாள் வந்துவிட்டது. இறங்க வேண்டியதில் பெரும்பகுதி இறங்கியிருந்தது. எல்லாம் இறங்கவில்லை.

அன்று அத்தான் காலணியைக் கழற்றினார். இடுப்பு வாரைக் கழற்றினார். கைக்கடிகாரம், மோதிரம், கடைசியில் மூக்குக் கண்ணாடி. கண் தெரியாமல் கருவி மேல் ஏறி நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டார். எடை பார்த்த நர்ஸ் சின்னப் பெண். அவள் மெதுவாகச் சொன்னாள், “ஐயா, மூச்ச விட்ருங்க. அதுக்கு எடை இல்ல.”

எவ்வளவு அதிகம்? ஒரு குழந்தையின் பள்ளிப் பை அளவு. அவ்வளவுதான். பொறியாளர் அம்மா எண்ணைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார். அவர் கண்ணும் கலங்கியது. பட்டை தாங்காது ஐயா, நீங்கள் விழுந்தால் நான் என்ன பதில் சொல்வேன் என்றார். அத்தான் வாதாடவில்லை. தோராயம் என்பதே தெரியாத மனிதர் எப்படி வாதாடுவார்? அந்த விதி சரியானது என்று அவரே எங்களிடம் வந்து சொன்னார். சொல்லிவிட்டு மூன்று வேளையும் அந்தச் சின்ன டப்பா அளவுதான் சாப்பிட்டார். கோபமாக இல்லை, ஒழுங்காக.

கட்டடம் ஒரு மனிதனுக்காகக் காத்திருக்குமா? வேறொருவர் கூண்டுக்குப் போனார். அத்தான் தரையில் சுமை கட்டும் வேலையில் நின்றார். கடைசி உத்தரம் ஏறும் நாளும் வந்தது. நானும் போயிருந்தேன். வேலையை நிறுத்திவிட்டு எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். பொறியாளர் பார்த்தார், காவலாளி பார்த்தார், தெருவில் போனவர்கள் பார்த்தார்கள். அத்தான் ஒருவர்தான் மேலே பார்க்கவில்லை. குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வருத்தத்தில் குனிந்திருக்கிறார் என்று நினைத்துத் தோளைத் தொட்டேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தது கிரேனின் நிழலை. அந்த நீண்ட கையின் நிழல் மண்ணில் மெல்ல நகர்ந்தது. அதன் நுனியில் உத்தரத்தின் நிழல் ஆடியது. அத்தானின் வலது கை, ஒன்றுமில்லாத காற்றில் ஒரு நெம்புகோலைப் பிடித்துக்கொண்டிருந்தது. உதடு அசைந்தது. “மெதுவா, மெதுவா. காத்து திரும்புது. இப்ப விடு” என்றார்.

மேலே பார்த்தபடி எல்லாரும் கை தட்டினார்கள். நிழல் நின்றது. அத்தான் கையை எடுத்துக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு, கிரேனைப் பிரித்துத் துண்டு துண்டாக லாரியில் ஏற்றிக்கொண்டிருந்த வாரத்தில், மறு பரிசோதனை வந்தது. அத்தான் தேறினார். கோட்டுக்குக் கீழே, கண்ணாடியைக் கழற்றாமல், மூச்சு விட்டுக்கொண்டே தேறினார். ஏறுவதற்குத்தான் ஏணி இல்லை.

என்னம்மா, பின் வரிசையில் கண்ணைத் துடைக்கிறீர்கள்? தூசியா? எனக்கும் அதே தூசிதான்.

இதனால் சொல்கிறேன், என் சொந்தங்களே. கணக்கு வருகிறவர்கள் கணக்குப் போடுங்கள். அம்மையார் சொன்னது பொன்னானது. கணக்கு வராதவர்கள், வரும்வரை காத்திருக்காதீர்கள். எண்ணத் தெரியவில்லை என்று ஏங்கிக் கிடந்த நாட்களில் எங்கள் அத்தான் ஒரு வாளியைச் சின்னதாக்கியிருந்தால் போதும். நீங்கள் உங்கள் வாளி எதுவென்று பாருங்கள். சமைக்கும்போது ருசி பார்க்கிற கரண்டியா? குழந்தை மிச்சம் வைத்த தட்டா? அலுவலக மேசை இழுப்பறையா? டிவி முன்னால் மடியில் வைத்த பொட்டலமா? சாப்பாடு என்று நாம் நினைக்காமலே சாப்பிடுவது எது? அதைப் பாதியாக்குங்கள். தட்டைச் சின்னதாக்குங்கள். இரண்டாம் முறை வாங்குவதற்கு முன் ஒரு குவளைத் தண்ணீர் குடித்துக் கொஞ்சம் பொறுங்கள். கொஞ்சம் நடங்கள். கொஞ்சம்தான் குறையும். அந்தக் கொஞ்சம்தான் எங்களுக்குக் குறையாமல் போனது. அந்தக் கொஞ்சத்தில்தான் ஒரு மனிதரின் ஆயுள் ஆசை தவறியது.

எந்தக் கட்டடம் என்றா கேட்கிறீர்கள்? முன் வரிசை ஐயா ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். எல்லாரும் ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். இந்த உச்சி மாடி அரங்கத்தின் கூரையைத் தாங்கிக்கொண்டு, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போகிறதே, சாம்பல் நிறம் அடித்த இரும்பு. அதுதான்.

இன்று அத்தானை அழைத்து வந்தேன். அக்காவும் வந்திருக்கிறாள், அதோ, தூணுக்குப் பக்கத்தில். அத்தான் கீழே வாசல் வரைக்கும் வந்தார். லிஃப்ட் கதவு திறந்தது. அவர் ஏறவில்லை. வாங்க அத்தான், உங்கள் உத்தரத்தைப் பார்த்துவிட்டு வரலாம், நானே மேடையில் உங்களைப் பற்றிப் பேசுகிறேன், பேச்சு பிரமாதமாக இருக்கும் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்தார். என் தோளில் கையை வைத்துச் சொன்னார்:

“நீ போ மாப்ளே. அங்க வந்தா அதை நிமிர்ந்துல்ல பாக்கணும். நான் மேலேர்ந்து குனிஞ்சு பாக்கணும்னு இருந்தேன்.”

அவர் கீழே தனியாக நிற்கிறார். நான் போக வேண்டும். மணியை அடிக்காமல் மனத்தைக் கொடுத்த தலைவருக்கும், பொறுமையாய்ச் செவி தந்த பெரியோருக்கும், தாய்மாருக்கும் தலை தாழ்ந்த நன்றி. இறங்கும்போது படிக்கட்டில் இறங்குங்கள். வணக்கம்.